எக்ஸ்டெண்ட்ஸ் போடும் முன்: இன்ஹெரிட்டன்ஸா, காம்போசிஷனா?

ஒரு கிளாஸில் ஏற்கெனவே எழுதி, டெஸ்ட் பண்ணி, ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் நாலைந்து மெத்தட் இன்னொரு கிளாஸுக்கும் வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாவா மொழியில் எக்ஸ்டெண்ட்ஸ் (extends) என்று ஒரு சொல்லைப் போட்டால் அத்தனையும் வந்துவிடும். இல்லாவிட்டால் அந்தக் கிளாஸின் ஆப்ஜெக்ட் ஒன்றை உள்ளே பிரைவேட் ஃபீல்டாக வைத்துக்கொண்டு, தேவைப்படும் இடத்தில் அதைக் கூப்பிட்டு வேலை வாங்கலாம். முன்னது இன்ஹெரிட்டன்ஸ், பின்னது காம்போசிஷன். எதை எப்போது எடுப்பது என்று கேட்டால் இன்டர்வியூவில் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள்: இஸ்-ஏ உறவு என்றால் இன்ஹெரிட்டன்ஸ், ஹேஸ்-ஏ உறவு என்றால் காம்போசிஷன், கார் ஒரு வாகனம், காருக்குள் எஞ்சின் இருக்கிறது. இதில் தப்பில்லை. ஆனால் வேலையில் உட்கார்ந்து எழுதும்போது இது கைகொடுப்பதில்லை, ஏனென்றால் கொஞ்சம் இழுத்துப் பேசினால் எதையும் எதனுடைய வகை என்றும் சொல்லிவிடலாம்.

எக்ஸ்டெண்ட்ஸ் ஒரே நேரத்தில் இரண்டு காரியம் செய்கிறது, குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. பேரன்ட் கிளாஸின், அதாவது நீங்கள் எக்ஸ்டெண்ட் பண்ணும் கிளாஸின், கோட் உங்களுக்கு வருகிறது, சரி. அதோடு, பேரன்டை எதிர்பார்க்கும் எந்த இடத்திலும் என் ஆப்ஜெக்டைக் கொடுக்கலாம், பேரன்ட் செய்வதெல்லாம் நானும் செய்வேன் என்று உங்கள் கிளாஸைப் பயன்படுத்துகிற எல்லோருக்கும் வாக்குக் கொடுத்துவிடுகிறீர்கள். முக்கால்வாசி நேரம் நாம் கோடுக்காகத்தான் எக்ஸ்டெண்ட்ஸ் போடுகிறோம். வாக்கு கேட்காமலேயே கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறது. அதனால் இஸ்-ஏ, ஹேஸ்-ஏ கேள்வியை விட்டுவிட்டு இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: பேரன்ட் வெளியே காட்டும் ஒவ்வொரு பப்ளிக் மெத்தடும் என் கிளாஸிலும் இருப்பது எனக்குச் சம்மதமா, அது இனிமேல் சேர்க்கப்போகும் மெத்தடுகளையும் சேர்த்து? சம்மதம் என்றால் இன்ஹெரிட் பண்ணுங்கள். அதில் நாலு மட்டும் போதும் என்று மனதில் பட்டால் அதை ஃபீல்டாக வையுங்கள்.

ஜாவாவின் சொந்த லைப்ரரியே மாட்டிக்கொண்ட இடம்

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜாவாவின் ஸ்டாக் கிளாஸைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1996இல் ஜாவா 1.0 வந்தபோதே வந்த கிளாஸ் அது. ஸ்டாக் என்றால் மேலே வைப்பது, மேலிருந்து எடுப்பது, அவ்வளவுதான். அதை எழுதியவர்களுக்கு உள்ளே சாமான்களை அடுக்கிவைக்க ஒரு இடம் வேண்டியிருந்தது, வெக்டர் என்ற லிஸ்ட் கிளாஸ் கையில் இருந்தது, ஸ்டாக் எக்ஸ்டெண்ட்ஸ் வெக்டர் என்று எழுதிவிட்டார்கள். ஸ்டாக்குக்கென்று அவர்கள் சேர்த்தவை ஐந்தே மெத்தட்: புஷ், பாப், பீக், எம்ப்டி, சர்ச். ஆனால் வெக்டரின் மெத்தட் எல்லாமே பப்ளிக்காகக் கூட வந்துவிட்டது. ஆகவே ஒரு ஸ்டாக்கின் அடியில் போய் இன்செர்ட்எலிமென்ட்அட் வைத்து எதையாவது செருகலாம், ரிமூவ் போட்டு நடுவிலிருந்து உருவலாம், கம்பைலர் ஒன்றும் சொல்லாது. இதைவிட மோசம், அதன் மேல் ஒரு ஃபார் லூப் ஓட்டிப் பாருங்கள்: கடைசியில் வைத்தது முதலில் வரும் என்று எதிர்பார்ப்பீர்கள், வெக்டரின் வரிசைப்படி முதலில் வைத்ததுதான் முதலில் வரும். பாப் ஒரு வரிசையில் கொடுக்கிறது, லூப் நேர்எதிர் வரிசையில் கொடுக்கிறது, இரண்டும் ஒரே ஆப்ஜெக்ட்.

இன்றுவரை அதை மாற்ற முடியவில்லை. எங்கோ யாரோ ஸ்டாக்கை வெக்டராக நினைத்து எழுதிய கோட் உடைந்துவிடும் என்பதால் கையை வைக்க வழியில்லை. 2006இல் ஜாவா 6 வந்தபோது இரண்டு முனைகளிலும் சேர்க்கவும் எடுக்கவும் கூடிய டெக் (Deque) என்ற இன்டர்ஃபேஸையும் (என்னென்ன மெத்தட் இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லும் வரையறை), அதை இம்ப்ளிமெண்ட் பண்ணும் அர்ரேடெக் கிளாஸையும் கொண்டுவந்தார்கள், ஸ்டாக்கின் டாக்குமெண்டேஷனே இப்போது அந்தப் பக்கம் போகச் சொல்கிறது. அதிலும் இரண்டு முனைகளும் திறந்துதான் இருக்கின்றன. கறாரான ஸ்டாக் வேண்டும் என்றால் அர்ரேடெக்கைப் பிரைவேட் ஃபீல்டாக வைத்து புஷ், பாப், பீக் மூன்றை மட்டும் வெளியே காட்டும் ஒரு குட்டிக் கிளாஸ் எழுதிக்கொள்ளுங்கள். இருபது வரிக்குள் முடிந்துவிடும்.

ப்ராப்பர்ட்டீஸ் கிளாஸின் கதையும் இதேதான். கான்ஃபிக் ஃபைலில் இருக்கும் ஸ்ட்ரிங் ஜோடிகளை வைத்திருக்கும் கிளாஸ், அது ஹேஷ்டேபிள் என்ற, எந்த ஜோடியையும் வைக்கக்கூடிய பொதுவான கிளாஸை எக்ஸ்டெண்ட் பண்ணுகிறது. ஹேஷ்டேபிளின் புட் மெத்தட் எந்த ஆப்ஜெக்டையும் வாங்கிக்கொள்ளும் என்பதால், ஸ்ட்ரிங் மட்டுமே இருக்கவேண்டிய இடத்தில் ஒரு இன்டிஜரைப் போட்டுவிடலாம். போடும்போது ஒன்றும் ஆகாது. பிறகு கெட்ப்ராப்பர்ட்டி போட்டுக் கேட்டால் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்பது போல நல் (null) என்ற வெற்று மதிப்பு வரும், ஃபைலில் ஸ்டோர் பண்ணப் போனால் எக்ஸெப்ஷனில் (ஓடும்போது எழும் பிழையில்) விழும். புட்டைத் தயவுசெய்து கூப்பிடாதீர்கள் என்று டாக்குமெண்டேஷனில் எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரு மெத்தடைப் பப்ளிக்காக வைத்துவிட்டு அதைத் தொடாதே என்று எழுத நேர்ந்தால், அந்த உறவு முதலிலேயே தப்பு என்று பொருள். 2017இல் வந்த ஜாவா 9இல் இதன் உள்ளமைப்பை மாற்றினார்கள்: மதிப்புகளை இப்போது கன்கரண்ட்ஹேஷ்மேப் என்ற வேறொரு கிளாஸின் ஆப்ஜெக்டை உள்ளே ஃபீல்டாக வைத்து அதில்தான் சேமிக்கிறது, ஹேஷ்டேபிளிடமிருந்து வந்த மெத்தடுகளை ஓவர்ரைட் பண்ணி (அதே பெயரில் மாற்றி எழுதி) அதற்குத் திருப்பிவிடுகிறது. அதாவது உள்ளே காம்போசிஷனுக்கு மாறியாகிவிட்டது, ஆனால் எக்ஸ்டெண்ட்ஸ் ஹேஷ்டேபிள் என்ற வரி அப்படியே நிற்கிறது, அதை யாராலும் எடுக்க முடியாது.

ஓவர்ரைட் பண்ணினால் போதுமே என்பவர்களுக்கு

வேண்டாத மெத்தடை ஓவர்ரைட் பண்ணித் தடுத்துவிடலாம் என்று தோன்றும். செய்து பார்ப்போம். பில் தொகைகள் வைக்கும் ஒரு லிஸ்ட் வேண்டும், அதில் மைனஸ் தொகை நுழையக் கூடாது. அர்ரேலிஸ்டை எக்ஸ்டெண்ட் பண்ணி, ஆட் மெத்தடை ஓவர்ரைட் பண்ணி, மைனஸ் வந்தால் எக்ஸெப்ஷன் எறிகிறீர்கள். டெஸ்ட் பாஸ். ஒரு மாதம் கழித்து வேறொருவர் மொத்தமாகச் சேர்க்க ஆட்ஆல் கூப்பிடுகிறார், மைனஸ் தொகை சத்தமில்லாமல் உள்ளே போய்விடுகிறது. காரணம், அர்ரேலிஸ்டின் ஆட்ஆல் ஒவ்வொன்றாக ஆட் பண்ணுவதில்லை, அர்ரேயை மொத்தமாகக் காப்பி பண்ணிவிடுகிறது. இதே வேலையை ஹேஷ்செட்டில் செய்திருந்தால் பிடித்திருக்கும், ஏனென்றால் அங்கே ஆட்ஆல் என்பது ஒவ்வொன்றுக்கும் ஆட் மெத்தடைக் கூப்பிடும் ஒரு லூப். ஆக உங்கள் கிளாஸ் சரியா தப்பா என்பதை உங்கள் கோட் தீர்மானிக்கவில்லை, பேரன்டின் உள்ளே எந்த மெத்தட் எந்த மெத்தடைக் கூப்பிடுகிறது என்பது தீர்மானிக்கிறது, அது உங்கள் கண்ணுக்குப் படாத இடத்தில் இருக்கிறது.

சரி, ஆட்ஆலையும் அடைக்கிறீர்கள். இன்டெக்ஸ் வாங்கும் இன்னொரு ஆட் இருக்கிறது. செட் இருக்கிறது. ரிப்ளேஸ்ஆல் இருக்கிறது. லிஸ்ட்இட்டரேட்டர் வழியாக வரலாம். எல்லாவற்றையும் அடைத்து முடித்தீர்கள் என்றே வைத்துக்கொள்வோம்: 2023இல் வந்த ஜாவா 21 லிஸ்டுக்குப் புதிதாக ஆட்ஃபர்ஸ்ட், ஆட்லாஸ்ட் என்று இரண்டைச் சேர்த்தது, உங்கள் ஃபைலில் ஓர் எழுத்தும் மாறாமல் உங்கள் கிளாஸுக்கு இரண்டு புது வாசல்கள் வந்துவிட்டன. அர்ரேலிஸ்டைப் பிரைவேட் ஃபீல்டாக வைத்து, சேர்ப்பதற்கு ஒரு மெத்தட், கூட்டுத்தொகைக்கு ஒரு மெத்தட், படிக்க மட்டும் ஒரு மெத்தட் என்று நீங்களே வைத்திருந்தால் உள்ளே நுழைய ஒரே வழிதான், அதற்குக் காவல் நீங்கள்தான், ஜாவா எத்தனை வெர்ஷன் வந்தாலும் அது மாறாது.

ஆப்ஜெக்டின் வாழ்நாளில் மாறக்கூடியதா?

லைப்ரரியை விட்டு நம் அன்றாட பிசினஸ் கோடுக்கு வந்தால் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. மருத்துவமனை சாஃப்ட்வேர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பேஷண்ட் என்று ஒரு பேஸ் கிளாஸ் (பேரன்ட்), அதிலிருந்து ஓபி பேஷண்ட் (பார்த்துவிட்டுப் போகிறவர்), ஐபி பேஷண்ட் (அட்மிட் ஆனவர்) என்று இரண்டு சப்கிளாஸ். காகிதத்தில் இதைவிடத் தெளிவான இஸ்-ஏ கிடைக்காது. காலையில் காய்ச்சல் என்று ஓபியில் சீட்டு வாங்கிய ஒருவரை மாலையில் டாக்டர் அட்மிட் பண்ணச் சொல்கிறார். இப்போது என்ன செய்வீர்கள்? ஜாவாவிலோ சி ஷார்ப்பிலோ உயிரோடு இருக்கும் ஓர் ஆப்ஜெக்டின் கிளாஸை மாற்ற முடியாது. புதிதாக ஒரு ஐபி பேஷண்ட் ஆப்ஜெக்ட் உருவாக்கி, பெயர், வயது, அலர்ஜி விவரம் எல்லாவற்றையும் காப்பி பண்ண வேண்டும். லேப் ஆர்டரும் பார்மசி பில்லும் பழைய ஆப்ஜெக்டைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன, அவற்றையும் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். ஏதாவது ஒன்றை மாற்ற மறந்தால் அதே நபர் சிஸ்டத்தில் இரண்டு பேராக உலவுவார், அலர்ஜி குறிப்பு ஒருவரிடம் இருக்கும், ஊசி மருந்து இன்னொருவர் பெயரில் போகும். பக் என்று இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது.

அடுத்து பில்லிங் டீம் வருகிறது: கையில் பணம் கட்டுபவர், இன்ஷூரன்ஸ்காரர் என்று இரண்டு வகை வேண்டும். அதையும் சப்கிளாஸாகப் போட்டால் ஓபி-கேஷ், ஓபி-இன்ஷூரன்ஸ், ஐபி-கேஷ், ஐபி-இன்ஷூரன்ஸ் என்று நாலு. எமர்ஜென்சி என்று ஒன்று சேர்ந்தால் ஆறு. அரசு காப்பீட்டுத் திட்டம் தனி வகை என்றால் ஒன்பது. ஒவ்வொரு புது அம்சமும் கூட்டலாக வராமல் பெருக்கலாக வருகிறது.

இதைச் சரியாக வைக்கும் முறை, பேஷண்ட் என்பது ஒரே கிளாஸ், அதற்கு சப்கிளாஸே கிடையாது. அவரிடம் விசிட்டுகளின் ஒரு லிஸ்ட் இருக்கிறது. ஓபியில் வந்தது ஒரு விசிட், அட்மிட் ஆனது இன்னொரு விசிட். யார் பணம் கட்டுகிறார் என்பது விசிட்டுக்குள் இருக்கும் ஒரு ஃபீல்டு, அது ஒரு இன்டர்ஃபேஸ் வகை, கேஷுக்கு ஒரு கிளாஸ், இன்ஷூரன்ஸுக்கு ஒரு கிளாஸ் அதை இம்ப்ளிமெண்ட் பண்ணும். இன்ஷூரன்ஸ் நடுவில் நிராகரிக்கப்பட்டால் அந்த ஃபீல்டை மாற்றினால் தீர்ந்தது. ஆகவே இரண்டில் ஒன்று இருந்தாலும் சப்கிளாஸ் பக்கம் போகாதீர்கள்: அந்த வித்தியாசம் ஆப்ஜெக்டின் வாழ்நாளில் மாறக்கூடியதாக இருப்பது, அல்லது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு விதங்களில் வித்தியாசப்படுவது.

இங்கே பலர் கேட்பது, காம்போசிஷனுக்குப் போனால் பாலிமார்ஃபிசம், அதாவது ஒரு டைப்பைக் கேட்கும் இடத்தில் வெவ்வேறு கிளாஸ்களின் ஆப்ஜெக்டைக் கொடுக்கும் வசதி, போய்விடாதா என்று. போகாது. மேலே பேமெண்டுக்குச் செய்ததைப் பாருங்கள்: எதன் இடத்தில் எதைக் கொடுக்கலாம் என்பதை இன்டர்ஃபேஸ் சொல்கிறது, வேலையை ஃபீல்டில் இருக்கும் ஆப்ஜெக்ட் செய்கிறது. எக்ஸ்டெண்ட்ஸ் ஒன்றாகக் கட்டி வைத்திருந்த இரண்டு காரியங்களையும் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டீர்கள், அவ்வளவுதான். ஜாவாவின் இன்புட்ஸ்ட்ரீம் குடும்பத்தில் இதை அழகாகப் பார்க்கலாம். பஃபர்டுஇன்புட்ஸ்ட்ரீம் ஒரு இன்புட்ஸ்ட்ரீம்தான், அதே சமயம் தனக்குள் இன்னொரு இன்புட்ஸ்ட்ரீமை வைத்திருக்கிறது. ஃபைல் ஸ்ட்ரீமை ஜிஸிப் ஸ்ட்ரீமுக்குள் கொடுத்து, அதைப் பஃபருக்குள் கொடுக்கலாம். நாளைக்கு ஃபைலுக்குப் பதில் நெட்வொர்க் வந்தால் உள்ளே இருப்பதை மட்டும் மாற்றினால் போதும்.

லாகருக்காக ஒரு பேஸ் கிளாஸ்

நிறைய புராஜெக்ட்டுகளில் பேஸ்சர்வீஸ், பேஸ்ஆக்டிவிட்டி என்ற பெயரில் ஒன்று இருக்கும். முதலில் லாகர் (நடப்பதைப் பதிவு செய்யும் ஆப்ஜெக்ட்) மட்டும் இருந்திருக்கும், அப்புறம் டேட்டாபேஸ் கனெக்‌ஷன், மெயில் அனுப்பும் மெத்தட், தேதி ஃபார்மேட் பண்ணும் மெத்தட் என்று ஒவ்வொருவரும் தங்கள் பங்குக்கு எதையாவது சேர்த்துக்கொண்டே போவார்கள். ஜாவாவில் ஒரு கிளாஸுக்கு ஒரே ஒரு பேரன்ட்தான், அந்த ஒரே இடத்தை லாகருக்காகச் செலவழித்துவிட்டால் நிஜமாகவே இன்ஹெரிட் பண்ணவேண்டிய நாள் வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. ஜாவாவில் டெஸ்ட் எழுதப் பயன்படும் ஜேயூனிட் இந்தப் பாடத்தைப் பெரிய அளவில் கற்றது: மூன்றாம் வெர்ஷன்வரை ஒவ்வொரு டெஸ்ட் கிளாஸும் டெஸ்ட்கேஸை எக்ஸ்டெண்ட் பண்ணியே ஆகவேண்டும், 2006இல் வந்த ஜேயூனிட் 4 அதை விட்டுவிட்டு மெத்தட் மேல் அனோட்டேஷன் என்ற ஒரு குறியைப் போட்டால் போதும் என்று மாறியது. லாகர், மெயில், கடிகாரம் மாதிரி விஷயங்கள் கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் கோட்) வழியாக வந்து ஃபீல்டில் உட்காரட்டும். டெஸ்ட் எழுதும்போது போலி மெயிலர் ஒன்றைக் கொடுத்துவிடலாம், நிஜமாகவே மெயில் போய்விடுமோ என்ற கவலை இருக்காது.

இன்ஹெரிட்டன்ஸே சரியான இடங்கள்

இவ்வளவு சொன்னதால் இன்ஹெரிட்டன்ஸை ஒதுக்கிவிடுங்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எக்ஸெப்ஷன்களைப் பாருங்கள்: ஐஓஎக்ஸெப்ஷனைப் பிடிக்கும் இடத்தில் ஃபைல்நாட்ஃபவுண்டும் பிடிபடுகிறது, அதுதான் நமக்கு வேண்டியதும். ஹெச்டிடிபிசர்வ்லெட்டை எக்ஸ்டெண்ட் பண்ணி டூகெட், டூபோஸ்ட் எழுதுவது அந்த ஃப்ரேம்வொர்க்கே கேட்கும் முறை. எனக்கு மிகவும் பிடித்தது அப்ஸ்ட்ராக்ட்லிஸ்ட். படிக்க மட்டுமான லிஸ்ட் ஒன்று வேண்டும் என்றால் அதை எக்ஸ்டெண்ட் பண்ணி கெட், சைஸ் என்று இரண்டே மெத்தட் எழுதினால் போதும், இட்டரேட்டர், கன்டெய்ன்ஸ், இண்டெக்ஸ்ஆஃப் எல்லாம் இலவசம். ஒன்றிலிருந்து பத்து லட்சம் வரை எண்கள் உள்ள லிஸ்டை, ஒரு எண்ணைக்கூட மெமரியில் வைக்காமல் இப்படி எழுதிவிடலாம். இது ஏன் நன்றாக வேலை செய்கிறது, அர்ரேலிஸ்ட் ஏன் கையைக் கடித்தது? அப்ஸ்ட்ராக்ட்லிஸ்ட் பிறர் எக்ஸ்டெண்ட் பண்ணுவதற்கென்றே எழுதப்பட்டது. எதை நீங்கள் எழுத வேண்டும், உள்ளே எது எதைக் கூப்பிடும் என்று டாக்குமெண்டேஷனிலேயே எழுதியிருக்கிறது. எனவே எக்ஸ்டெண்ட்ஸ் போடும் முன் பேரன்டின் டாக்குமெண்டேஷனைத் திறந்து, அதை எழுதியவர் நம்மைப் போன்ற ஒருவரை எதிர்பார்த்து எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். அதற்கான அறிகுறி எதுவும் இல்லையென்றால், அந்தக் கிளாஸும் உங்கள் டீமே எழுதியதாக இல்லையென்றால், ஃபீல்டாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை உண்டு. ஒரு டைப்பின் இடத்தில் அதன் சப்டைப்பைக் கொடுத்தாலும் நிரல் நடந்துகொள்ளும் விதம் மாறக் கூடாது என்ற கருத்தை பார்பரா லிஸ்கோவ் 1987இல் ஒரு கருத்தரங்க உரையில் முன்வைத்தார். அதைத் தத்துவமாக விவாதித்துக்கொண்டிருக்காமல் நேரடியாக ஓட்டிப் பார்த்துவிடலாம்: பேரன்டுக்கு எழுதிய யூனிட் டெஸ்ட்டுகளை எடுத்து, பேரன்ட் ஆப்ஜெக்டுக்குப் பதிலாக உங்கள் சைல்டு ஆப்ஜெக்டைக் கொடுத்து அத்தனையையும் ஓட்டுங்கள். ஒன்று விழுந்தாலும் இன்ஹெரிட்டன்ஸ் வேண்டாம். டெஸ்ட் இல்லாத கோட் என்றால் கண்ணால் தேடுங்கள்: ஓவர்ரைட் பண்ணி உள்ளே ஒன்றுமே எழுதாமல் விட்ட மெத்தட், இது ஆதரிக்கப்படவில்லை என்று எக்ஸெப்ஷன் எறியும் மெத்தட், இது எந்த சைல்டு என்று இன்ஸ்டன்ஸ்ஆஃப் போட்டுப் பார்க்கும் பேரன்ட். பேரன்டின் கன்ஸ்ட்ரக்டர், சைல்டு ஓவர்ரைட் பண்ணக்கூடிய மெத்தட் ஒன்றைக் கூப்பிடுகிறதா என்றும் பாருங்கள். ஜாவாவில் பேரன்டின் கன்ஸ்ட்ரக்டர்தான் முதலில் ஓடும், அப்போது சைல்டின் ஃபீல்டுகள் இன்னும் நிரம்பியிருக்காது, நீங்கள் எழுதிய மெத்தடுக்குள் அவை நல் (null) அல்லது பூஜ்யம் என்றுதான் தெரியும். இதைத் தேடி அரை நாள் போய்விடும்.

காம்போசிஷனின் விலை

காம்போசிஷனும் சும்மா வருவதில்லை. உள்ளே இருப்பதற்கு வேலையை அனுப்பிவிடும் ஒருவரி மெத்தடுகளை நீங்களேதான் எழுத வேண்டும், பெரிய இன்டர்ஃபேஸ் என்றால் கை வலிக்கும். காட்லின் மொழியில் பை (by) என்ற சொல் அதைத் தானாகவே எழுதிக்கொடுக்கிறது, கோ மொழியில் இன்ஹெரிட்டன்ஸே கிடையாது, ஒரு ஸ்ட்ரக்டுக்குள் (அங்கே கிளாஸுக்குப் பதில் இருப்பது) இன்னொன்றை எம்பெட் பண்ணினால் உள்ளே இருப்பதன் மெத்தடுகள் வெளியே தெரியும். இரண்டிலும் ஒன்றை மறக்கக் கூடாது: உள்ளே இருக்கும் ஆப்ஜெக்டுக்கு வெளியே இருக்கும் உங்களைத் தெரியாது. அது தன் மெத்தட் ஒன்றைத் தானே கூப்பிட்டால் நீங்கள் வெளியே மாற்றி எழுதிய மெத்தடுக்கு வராது, தன்னுடையதற்கே போகும். பேரன்டின் போக்கை நடுவில் மாற்றுவதுதான் உங்கள் நோக்கம் என்றால், அதற்கென்றே அந்தக் கிளாஸ் எழுதப்பட்டிருந்தால், அங்கே இன்ஹெரிட்டன்ஸ்தான் சரி.

ஏற்கெனவே இருக்கும் எக்ஸ்டெண்ட்ஸை எடுப்பது

பழைய கோடில் தப்பான எக்ஸ்டெண்ட்ஸ் இருக்கிறது, எடுக்க வேண்டும் என்றால் பயப்படத் தேவையில்லை, கம்பைலரை வேலை வாங்குங்கள். எக்ஸ்டெண்ட்ஸை நீக்கி, பழைய பேரன்டைப் பிரைவேட் ஃபைனல் ஃபீல்டாக வைத்துவிட்டு கம்பைல் பண்ணினால், நிஜமாகப் பயன்பாட்டில் இருக்கும் மெத்தடுகள் எவை என்ற பட்டியல் பிழைகளாக வந்து விழும். அவற்றுக்கு மட்டும் ஒருவரி மெத்தட் எழுதுங்கள், மீதியை விட்டுவிடுங்கள். உங்கள் ஆப்ஜெக்டைப் பேரன்ட் டைப்பாகக் கேட்கும் இடங்களும் பிழையாக வரும். அங்கே என்னென்ன மெத்தட் வேண்டும் என்று பார்த்து அதை ஒரு இன்டர்ஃபேஸாக வெளியே எடுங்கள். இன்டெல்லிஜே என்ற எடிட்டரில் இன்ஹெரிட்டன்ஸை டெலிகேஷனாக (உள்ளே இருக்கும் ஆப்ஜெக்டுக்கு வேலையை அனுப்புவதாக) மாற்றும் ரீஃபேக்டரிங் மெனுவிலேயே இருக்கிறது. பைத்தானில் கம்பைலர் கை கொடுக்காது, முதலில் டெஸ்ட் எழுதிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

அந்தக் கிளாஸ் வெளியே போய்விட்ட லைப்ரரியில் இருக்கிறது, மற்றவர்கள் பயன்படுத்துகிறார்கள் என்றால் எக்ஸ்டெண்ட்ஸை எடுக்க முடியாது. ப்ராப்பர்ட்டீஸில் செய்தது போல உள்ளே மட்டும் மாற்றிக்கொண்டு, சரியான வடிவத்தில் புதிதாக ஒரு கிளாஸைப் பக்கத்திலேயே வைத்து, பழையதன் டாக்குமெண்டேஷனில் அதைக் கைகாட்டுங்கள். இனி எழுதும் கிளாஸ்களுக்கு ஃபைனல் (இதை யாரும் எக்ஸ்டெண்ட் பண்ண முடியாது என்ற சொல்) போட்டே தொடங்குங்கள். காட்லினில் நீங்களாக ஓபன் என்று சொல்லாதவரை எல்லாமே அப்படித்தான். யாராவது வந்து எக்ஸ்டெண்ட் பண்ண வேண்டும் என்று காரணத்தோடு கேட்டால் ஃபைனலை எடுக்க ஒரு நிமிடம் போதும்.